விறகோடு தண்ணீரையும் எடை போட்டு வாங்குகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உயிரி எரிபொருள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை எத்தனாலோடு நின்றுவிட்டது. 2018 தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலக்க 2030-க்கு வைத்திருந்த இலக்கை 2022 திருத்தம் 2025-26க்கு முன்னுக்குக் கொண்டுவந்தது. அது எல்லோரும் அறிந்தது. நீலகிரியில் உயிரி எரிபொருள் என்றால் தேயிலைத் தொழிற்சாலை வாசலில் அடுக்கிக் கிடக்கும் கற்பூர மர (யூகலிப்டஸ்) விறகும் சீகை (வாட்டில்) விறகும்தான். அதை எப்படி எரிக்கிறோம் என்பதையும் பேச வேண்டும்.

அன்று வெட்டிய விறகில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். கிலோவுக்குச் சுமார் 1,900 கிலோகலோரிதான் கிடைக்கும். 20 சதவீத ஈரத்துக்குக் காய்ந்த விறகோ 3,400 தரும். ஒரு டன் பச்சை விறகு அந்த அளவுக்குக் காய்ந்தால் 625 கிலோவாகக் குறையும். ஆனாலும் மொத்த வெப்பம் பத்தில் ஒரு பங்கு கூடும். கணக்கில் இது சின்ன லாபமாகத் தெரியும். அடுப்பில் வித்தியாசம் பெரியது. ஈர விறகு தணலைக் குளிரவைக்கிறது. வாயு முழுதாக எரியாமல் கரும்புகையாகப் போகிறது. புகையிலுள்ள தார், காற்றைச் சூடாக்கும் ஹீட்டரின் குழாய்களில் படிகிறது. படிந்த குழாய் காற்றைச் சரியாகச் சூடாக்காது. தேயிலையை உலர்த்தும் டிரையருக்குள் போகும் காற்றின் சூடு இறங்கினால் தேயிலைத் தூளை 3 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவர முடியாது. உடனே இன்னும் நாலு கட்டையைத் திணிக்கிறார்கள். சூடு ஒரே இடத்தில் ஏறி குழாயில் விரிசல் விட்டால் புகை நேரே தூளில் ஏறும். புகை வாடை அடிக்கும் தூளை ஏலத்தில் யார் கேட்பார்கள்?

கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்கு. அதனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் விறகு காயும். அப்போதே பிளந்து, அரைச் சாண் கனத்துக்கு மிகாமல், தரையிலிருந்து உயர்த்தி, மேலே தகரமும் நாலு பக்கமும் திறப்பும் உள்ள கொட்டகையில் அடுக்க வேண்டும். தார்ப்பாயால் இறுக்கி மூடினால் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும்.

இத்தனையும் தெரிந்தும் காய வைக்காததற்குக் காரணம், விறகை எடை போட்டு வாங்குவதுதான். ஈரமாகக் கொடுப்பவருக்கே லாபம். லோடிலிருந்து ஒரு கிலோ சிராய் எடுத்து, 105 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனில் 24 மணி நேரம் வைத்து மறுபடி எடை போட்டால் ஈரம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதைக் கழித்து விலை கொடுக்கலாம்.

காட்டில் பரவிக் கிடக்கும் அந்நியக் களையான உண்ணிச்செடிக்கும் (லன்டானா) இதே கதிதான். அதைத் துண்டாக்கி, அச்சில் அழுத்திக் கட்டிகளாக்கி எரிக்கலாம் என்ற பேச்சு நல்லது. முதுமலையில் அதேபோல் பரவிய அந்நிய மரமான மஞ்சக்கொன்னையை தமிழ்நாடு காகித ஆலை கூழுக்கு எடுத்த முன்னுதாரணமும் இருக்கிறது. ஆனால் துண்டாக்கிய செடி 12 சதவீத ஈரத்துக்குள் காய்ந்திருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் அச்சுக்குள் நீராவி அடைத்து கட்டி வெடித்து உதிரும். வேரில் ஒட்டிய மண்ணை உதறாமல் போட்டால் மணல் அச்சைத் தின்னும். அடுப்பில் சாம்பல் உருகி, கம்பித் தட்டில் கல்லாக இறுகும். தட்டின் அடியிலிருந்து மட்டும் காற்று விடும் பழைய அடுப்பில் இந்தக் கட்டிகள் புகைந்துகொண்டே இருக்கும். தணலுக்கு மேலிருந்தும் காற்று விட வேண்டும். கட்டிகளைக் குன்னூர் பனிமூட்டத்தில் திறந்து வைத்தால் ஊதிப் பொடியாகிவிடும், சாக்குக்குள் பிளாஸ்டிக் உறை கட்டாயம். செடியை உலர்த்தும் வேலையை மழை மறைவில் இருக்கும் மசினகுடிப் பக்கம் செய்வது இங்கே செய்வதைவிட எளிது.

உண்ணிச்செடியை வெட்டவும் டன் கணக்கில் கூலி கொடுக்கக் கூடாது. கொடுத்தால் தடித்த தண்டை மட்டும் தரைக்கு மேலே வெட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். அடுத்த மழையில் அது இரட்டிப்பாகத் துளிர்க்கும். மண்ணுக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் கீழே வேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து, காய் பழுப்பதற்குள் முடிக்க வேண்டும். பிறகு இரண்டு மூன்று ஆண்டுகள் நாற்றுகளைப் பிடுங்க ஆள் போக வேண்டும். சுத்தமாக்கிய ஏக்கருக்கு ஒரு பங்கு கூலியை இப்போதும், மீதியை மூன்றாம் ஆண்டு பார்வையிட்ட பிறகும் கொடுக்கும்படி வனத்துறை ஒப்பந்தம் எழுதட்டும்.

இப்படிக்கு,
வாசகர், கோத்தகிரி