அட்டவணைக்கு மலை தெரியாது தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ போனில் அனுப்பிய 12 வார எடைதூக்கும் பயிற்சி அட்டவணையைப் பார்த்தேன். எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் வாரம் 3 நாள், நாளுக்கு 5 செட், வாராவாரம் இரண்டரைக் கிலோ ஏற்றம். நல்ல அட்டவணைதான். முழங்கால் வலிக்கிறது, விட்டுவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். விடாதே. ஆனால் அதை அப்படியே செய்யவும் செய்யாதே.

போன மாதம் கோத்தகிரிக்கு வந்தபோது ஒன்றைக் கவனித்தேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து உன் வீட்டுக்கு இறங்கும் படிகளில், ஒவ்வொரு படிக்கும் இடது காலையே முதலில் வைத்து, வலது காலைப் பிறகு சேர்த்துக்கொண்டாய். ஏறும்போது சாதாரணமாகத்தான் ஏறினாய். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும். அந்த இழுப்பு முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாணில் விழும். ஸ்குவாட்டில் கீழே போகும்போதும் இதேதான் நடக்கிறது. தேயிலை அதிகம் வரும் நாளில் கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் எத்தனை நடை இறங்குகிறாய்? அத்தனையும் உன் ஸ்குவாட் கணக்கில் சேர வேண்டியது. அட்டவணை எழுதியவருக்கு அது எப்படித் தெரியும்?

முதலில் 3 நாளை 2 ஆக்கு. இலை எடுத்த நாளுக்கு மறுநாள் ஸ்குவாட் வேண்டாம், மல்லாந்து படுத்துத் தூக்கும் பெஞ்ச் பிரஸ் போடு. ஸ்குவாட்டைக் கொஞ்ச நாள் பெஞ்சில் உட்கார்ந்து எழுவதுபோல் செய். இடுப்பைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் முழங்கால் அவ்வளவாக முன்னே போகாது. எடையை இப்போது போடுவதில் 60 சதவீதத்துக்கு இறக்கு. கீழே போக 3 விநாடி, மேலே வர 3 விநாடி. முழு ஓய்வு கொடுத்தால் வலி அடங்கும், ஆனால் தசைநாணின் பலமும் சேர்ந்து குறையும். திரும்பத் தொடங்கிய வாரமே மறுபடி பிடித்துக்கொள்ளும். மெதுவாகச் சுமந்து பழக்கினால்தான் அது தேறும்.

செய்யும்போது வலி 10க்கு 3க்குள் இருந்தால் தொடரலாம். அதைவிட மறுநாள் காலைதான் முக்கியம். அதே படிகளில் இறங்கிப் பார். முந்தின நாளைவிட மோசமில்லை என்றால் சரி, எடை பொருந்திவிட்டது. மோசமென்றால் ஒரு செட்டைக் குறை. ஏற்றுவதையும் வாரக் கணக்கில் வைத்துக்கொள்ளாதே. கடைசி செட் முடிந்ததும் ‘இன்னும் 2 ரெப், அதாவது 2 தடவை, போயிருக்குமா?’ என்று கேட்டுக்கொள். போயிருக்கும் என்றால் மட்டும் அடுத்த முறை ஏற்று.

நான் இதைக் கற்றது என் முதுகை வைத்து. ஊட்டியில் வேலை பார்த்த காலம். டிசம்பர் மாதம், காலை ஐந்தரை மணி, புல்லெல்லாம் உறைபனி. எழுந்த அரை மணி நேரத்தில் ஜிம்மில் நின்றேன். எடை மாட்டும் இரும்பு பார் விரலில் ஒட்டிக்கொள்வதுபோல் சில்லிட்டிருந்தது. தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்ட், தாளில் 150 கிலோ என்று இருந்தது, எடுத்தேன். மூன்றாவது ரெப்பில் இடுப்புக்குள் ஏதோ நழுவியது. அப்புறம் 2 மாதம் உன் அண்ணிதான் ஷூ லேஸ் கட்டிவிட்டாள். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்பு டிஸ்க்குகள் நீரை இழுத்து உப்பிக்கொள்ளும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்தால் அவற்றின் மேல் அழுத்தம் அதிகம். அந்த அட்டவணையைக் கொடுத்தவர் இதைச் சொல்லவே இல்லை. இன்றும் எனக்கு அந்த வருத்தம் உண்டு.

குணமானபின் டெட்லிஃப்ட்டை மாலைக்கு மாற்றினேன். இரு பக்கமும் பிளேட்டுகளை அடுக்கி, பாரை முழங்காலுக்குச் சற்றுக் கீழே உயர்த்தி வைத்து அங்கிருந்து தூக்கினேன். மாதத்துக்கு ஒரு பிளேட்டாக எடுத்துத் தரைக்கு வந்தேன். பிறகு கால்களை அகல வைக்கும் சூமோ முறைக்குப் போனேன். அதில் முதுகு அதிகம் சாயாது, பவர்லிஃப்டிங் போட்டியிலும் அனுமதி உண்டு.

நீயும் போட்டிக்குப் போகிறவன், அதனால் பெஞ்சில் உட்கார்ந்து எழுவதைப் பழக்கமாக்கிவிடாதே. இடுப்பு மடிப்பு முழங்காலின் மேல்பக்கத்தைவிடக் கீழே போகவில்லை என்றால் நடுவர்கள் காட்டுவது சிவப்பு விளக்குதான், அந்தத் தூக்கு செல்லாது. வலி குறையக் குறைய உட்காரும் உயரத்தையும் குறைத்துக்கொண்டே வா. முழங்கால் வீங்கினாலோ, மடக்க முடியாமல் சிக்கிக்கொண்டாலோ, இதையெல்லாம் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போ.

ஞாயிற்றுக்கிழமை குன்னூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறேன். உங்கள் ஜிம்மில் இருக்கும் பெஞ்சின் உயரத்தை அளந்து வை. உயரம் அதிகமென்றால் வேறு பலகை கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்