ஆச்சியின் மழை மாதங்கள்

தூத்துக்குடி,
நவம்பர் கடைசி.

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போனில், "அடுத்து என்னம்மா எழுதுற?" என்று கேட்டாய். குக்கர் விசில் அடிக்குது என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு அடுப்பில் குக்கரே இல்லை. சொல்வதற்குப் பதில் இல்லை, அதுதான் விஷயம். பெற்ற பிள்ளையிடம் மழுப்பிவிட்டோமே என்று மனசு கேட்கவில்லை.

போன ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு நாவல் வந்தது. அதற்கப்புறம் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. பழக்கத்தில் காலை நாலரைக்கு எழுந்துவிடுகிறேன். மேசை முன்னால் உட்கார்ந்தால் முடிந்துபோன நாவலின் ஆட்கள்தான் வந்து நிற்கிறார்கள். முதல் பதிப்பு 300 பிரதி, விலை 350 ரூபாய், ராயல்டி பத்து சதவீதம். ஐந்து வருஷம் எழுதினதுக்கு 10,500 ரூபாய். பணத்துக்காக நான் எழுதவில்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் இன்னொரு ஐந்து வருஷத்தை எதற்குக் கொடுப்பது என்று யோசிக்கும்போது அறுபத்திரண்டு வயதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பதிப்பாளர் சரித்திர நாவல் கேட்கிறார். 1908-ல் நம்ம ஊர் கோரல் நூல் மில்லில் நடந்த வேலைநிறுத்தத்தை எடுங்கள் என்கிறார். நானும் ஒரு நோட்டு முழுக்கக் குறிப்பெடுத்துவிட்டேன். பிப்ரவரி 27-ல் தொழிலாளிகள் வேலையை நிறுத்தியது, வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்காகப் பேசியது, ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கிவந்து கூலியைக் கூட்டி ஞாயிறு விடுமுறை கொடுத்தது, மார்ச் 12-ல் தலைவர்கள் கைது, மறுநாள் திருநெல்வேலியில் துப்பாக்கிச் சூடு. படிக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் அந்த மில் வாசலில் நிற்கிற ஒருத்தியின் முகம்கூட எனக்குத் தெரியவில்லை. தேதி மட்டும் தெரிந்தால் எனக்கு எழுத வராது பாப்பா. அன்றைக்குக் காலையில் அவள் வீட்டில் கஞ்சி இருந்ததா என்று தெரிய வேண்டும்.

போன வாரம் மழை விட்ட நேரம் உப்பளம் பக்கம் நடந்தேன். பாத்தி எல்லாம் மழைத்தண்ணீர். வாரின உப்பைக் குவித்து வைக்கிற தட்டுமேட்டில் அம்பாரத்தை ஓலை போட்டு மூடியிருந்தார்கள். ஒரு ஆள் இல்லை. என் அம்மா, உன் ஆச்சி, ஞாபகம் வந்துவிட்டது.

ஆச்சியின் உள்ளங்கால் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? வெள்ளைவெளேர் என்று தடித்து, வெடிப்பில் வேப்பெண்ணெய் கறுத்துக் கிடக்கும். ஆறு வயதில் நீ ஸ்பூனால் தட்டிப் பார்த்து, "ஆச்சி காலில் செருப்பு முளைச்சிருக்கு" என்றாய். ஆச்சி சிரித்தாள். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

உப்பளத்தைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' எழுதிவிட்டார். இங்கே வந்து ஆட்களோடு பழகி எழுதிய நாவல். அதற்கு மேல் நான் என்ன சொல்லிவிடப் போகிறேன் என்றுதான் இத்தனை வருஷம் அதைத் தொடாமல் இருந்தேன். அன்றைக்கு அந்தக் காலி அளத்தைப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. உப்பு விளையும் மாதங்களில் என் அம்மாவை நான் பார்த்ததே இல்லை. நான் கண் விழிக்குமுன் மூன்று மணிக்கே போய்விடுவாள். வந்தால் தூங்குவாள். எனக்குத் தெரிந்த அம்மா, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும் வேலை இல்லாமல் வீட்டில் இருந்த அம்மாதான். கம்மலை அடகு வைத்துவிட்டு, காதில் வேப்பங்குச்சி சொருகிக்கொண்டு, எனக்குப் பேன் பார்த்தவள். உப்பே விளையாத அந்த மூன்று மாதத்தை மட்டும் எழுதினால் என்ன? இப்போது நோட்டில் அதுதான் ஓடுகிறது. நேற்று நாலு பக்கம்.

ஒரு இடத்தில் நிற்கிறது. உப்பளத்தைப் பற்றி ஆச்சி என்னிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை. "நீ படி" என்பாள், அவ்வளவுதான். ஆனால் நான் கதவைச் சாத்திக்கொண்டு எழுதிய ராத்திரிகளில் உன்னைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு என்னென்னவோ சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கேட்கும். என்ன என்று நான் எழுந்து வந்து கேட்டதில்லை. இப்போது அது நெஞ்சை அறுக்கிறது.

அவள் சொன்னதில் நினைவிருப்பதை எழுது. வரிசையாக வேண்டாம், பாதி ஞாபகமும் சரிதான். ஆச்சி பேசின மாதிரியே எழுது. சொல்ல மனசில்லாதது ஏதாவது இருந்தால் அதை உன்னிடமே வைத்துக்கொள், நான் துருவமாட்டேன்.

ஜனவரியில் புது உப்புக்காகப் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்த ஆரம்பிப்பார்கள். எதிர்வீட்டு அக்கா என்னையும் கூட்டிப்போகிறேன் என்றிருக்கிறாள். அதற்குள் உன் கடிதம் வந்தால் நல்லது.

அன்புடன்,
அம்மா