சவாலை ஆட்டத்துக்குள் வையுங்கள்: தமிழில் கேம் உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் கேம் செய்யத் தொடங்கியிருக்கும் தோழர்களுக்கு,

வணக்கம். இரண்டு பேர், மூன்று பேர் எனச் சிறு குழுவாக உட்கார்ந்து முதல் கேமை வடித்துக்கொண்டிருக்கும் உங்களிடம், பலவகை கேம்களை ஆடிப் பார்த்தவர்கள் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறோம். உங்கள் கேம் கடினமாகவே இருக்கட்டும். ஆனால் எது கடினம் என்பதை நீங்கள் உட்கார்ந்து தீர்மானித்திருக்க வேண்டும். பள்ளத்தைத் தாண்டுவது கடினம் என்றால் அது ஆட்டம். தாண்டத் தவறிய பிறகு லோடிங் திரையை வெறித்துப் பார்ப்பது, பொடி எழுத்தைக் கண்ணைச் சுருக்கிப் படிப்பது, போன் அழைப்பு வந்ததால் அரைமணி நேர ஆட்டம் அழிந்துபோவது, இவையெல்லாம் ஆட்டமே இல்லை.

தாவலிலிருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் புதுக் குழுக்கள் பெரும்பாலும் முதலில் செய்வது தாவிக் குதிக்கும் கேம்தான். 2018இல் வந்த செலஸ்ட் கடினமான கேம் என்று பெயர் எடுத்தது. ஆனால் அதன் கதாபாத்திரத்தை இயக்கும் நிரலை உருவாக்கியவர்களே பொதுவில் வெளியிட்டிருக்கிறார்கள். அதைத் திறந்து படித்தால் அது எவ்வளவு கருணையுள்ள கேம் என்று புரியும். விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் வந்த பிறகும் 0.1 நொடிவரை தாவலாம். நொடிக்கு 60 ஃபிரேம் (படம்) ஓட்டத்தில் அது ஆறு ஃபிரேம். மேலே தாவும்போது தலை ஒரு மூலையில் நான்கு பிக்சலுக்குள் இடித்தால், கேமே உடலைப் பக்கவாட்டில் நகர்த்தி மேலே விடுகிறது. பட்டனை விடாமல் அழுத்தியிருந்தால் தாவலின் உச்சியில் ஈர்ப்பு பாதியாகிறது. எங்கே இறங்குவது என்று பார்த்து முடிவெடுக்க அந்த மிதப்பு போதும்.

இவை சலுகைகள் அல்ல. கண் பார்ப்பது படத்தை. கணினி சரிபார்ப்பது படத்துக்குள் மறைந்திருக்கும் மோதல் எல்லைப் பெட்டியை. டிவியும் தொடுதிரையும் சேர்க்கும் தாமதம் வேறு. "சரியாகத்தானே அழுத்தினேன்" என்று ஆடுபவர் சொல்லும்போது பெரும்பாலும் அவர் பக்கமே நியாயம் இருக்கிறது.

செய்யும் வழி எளிது. தரையில் நிற்கும்வரை ஒரு டைமரை 0.1க்கு நிரப்பிக்கொண்டே இருங்கள். தரையை விட்டதும் அது குறையட்டும்; பூஜ்யமாவதற்குள் பட்டன் அழுத்தப்பட்டால் தாவல் செல்லும். அதேபோல் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்திவிட்டால், அந்த அழுத்தத்தை 0.1 நொடி நினைவில் வைத்திருந்து, தரையைத் தொட்டவுடன் தாவவிடுங்கள். தவறு நேர்வது மூன்று இடங்களில். தாவியவுடன் இரண்டு டைமர்களையும் பூஜ்யமாக்க மறந்தால் காற்றில் இன்னொரு தாவல் இலவசமாகக் கிடைத்துவிடும். பூஜ்யமாக்கினாலும், தாவிய அடுத்த ஃபிரேமில் தரை இன்னும் தொடுவதாகத் தோன்றி டைமர் மறுபடி நிரம்பலாம். அதனால் மேல்நோக்கிப் போகும்போது நிரப்பாதீர்கள் (மேலேறும் லிஃப்ட் இருந்தால் அதன் வேகத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள்). மூன்றாவதுதான் அதிகம் கண்ணில் படுவது: டைமரை நொடியில் எண்ணாமல் ஃபிரேமில் எண்ணுவது. உங்கள் 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும்) திரையில் சரியாக இருக்கும் தாவல், கேம் 120 ஹெர்ட்ஸில் ஓடும் போனில் பாதி நேரமே மன்னிக்கும். அந்தப் போன் வைத்திருப்பவர் தனக்குத்தான் ஆடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு கேமை அழித்துவிடுவார்.

அடுத்தது, தோற்றபின் திரும்பி வரும் வழி. 2010இல் வந்த சூப்பர் மீட் பாய் கேமில் செத்த நொடியே மறுபடி தொடக்கத்தில் நிற்பீர்கள், இசைகூட அறுபடுவதில்லை. அதனால்தான் நூறு முறை செத்தாலும் கை கண்ட்ரோலரை விடுவதில்லை. ஹாலோ நைட் நாங்கள் மிகவும் மதிக்கும் கேம். ஆனால் அதில் சோல் மாஸ்டர் என்ற பாஸிடம் (பெரிய எதிரியிடம்) தோற்றால், கடைசியாக உட்கார்ந்த பெஞ்சில் எழுந்து, அவர் இருக்கும் சாங்டம் என்ற கட்டடத்தின் வழியே மறுபடி ஏறி, ஏற்கெனவே பத்து முறை ஏமாற்றிக் கடந்த அதே எதிரிகளைப் பதினோராவது முறையும் கடக்க வேண்டும். பாஸின் நகர்வுகளை மனத்தில் பதியவைக்க வேண்டிய நேரம் நடையில் கரைகிறது. அதே கேமில், நாம் நிற்கும் இடத்தை வரைபடத்தில் காட்ட ஒரு தாயத்தை அணிய வேண்டும். அணிந்தால் வேறொரு பலத்துக்கான இடம் போய்விடும். இதைப் பலர் குறை சொல்கிறார்கள். எங்களுக்கு அது பிடித்திருக்கிறது. வழி தொலைவதும் வழி கண்டுபிடிப்பதும்தான் அந்த கேமின் உயிர். அங்கே சவால் வைப்பது நியாயம்.

நீண்ட நடை எப்போதுமே தவறு என்றும் சொல்லவில்லை. 2011இல் வந்த டார்க் சோல்ஸின் முற்பகுதியில், தேவாலயம்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய், அங்கே ஒரு லிஃப்டில் இறங்கினால் தொடக்கத்து ஃபயர்லிங்க் கோயிலில் வந்து நிற்போம். அத்தனை நடையும் ஒரே கணத்தில் பொருள் பெறுகிறது. அதை உருவாக்கியவர்களே 2022இல் எல்டன் ரிங்கில் கடினமான பல இடங்களின் அருகில் மரிகாவின் கற்களை நட்டு, செத்தவர் அங்கிருந்தே எழ வழி செய்தார்கள். நடையில் கற்றுக்கொள்ள ஏதும் மிச்சமில்லை என்றால் நடையை வெட்டிவிடலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் எல்டன் ரிங்கில் இடைநிறுத்தப் பட்டன் இல்லை. மற்ற ஆட்டக்காரர்கள் நம் உலகுக்குள் நுழையலாம் என்பதால் நிறுத்த முடியாது என்று சமாதானம் சொல்வார்கள். இணையத்தைத் துண்டித்துத் தனியாக ஆடும்போதும் நிறுத்த முடிவதில்லையே! சரக்குப் பட்டியலைத் திறந்து, உதவிக்குள் போய், மெனு விளக்கப் பக்கத்தைத் திறந்தால் உலகம் உறைந்து நிற்கிறது. நிறுத்துவதற்கான வசதி உள்ளே இருக்கிறது, பட்டன் மட்டும் இல்லை. அதே நிறுவனத்தின் செகிரோ 2019இலேயே இடைநிறுத்தத்தோடு வந்தது; அதனால் அதன் கடுமை கொஞ்சமும் குறையவில்லை. வீட்டில் குழந்தை அழும், குக்கர் விசில் அடிக்கும். தனியாள் கேம் எதுவானாலும் எந்த நொடியிலும் நிற்கட்டும், கதைக்காட்சியின் நடுவிலும்கூட. கதைக்காட்சியில் ஒரு பட்டனைத் தொட்டதும் காட்சியே தாண்டிப் போய்விடும் கேம்கள் இருக்கின்றன. முதல் தொடுதலில் நின்று, "தொடரவா, தாண்டவா" என்று கேட்பதே சரி. தாண்டும் வழி கட்டாயம் இருக்கட்டும்: 2002இல் வந்த கிங்டம் ஹார்ட்ஸில் பாஸிடம் தோற்ற ஒவ்வொரு முறையும் அதே காட்சியைப் பார்க்க வேண்டியிருந்தது. 2013இன் எச்டி பதிப்பில் அதைத் தாண்ட வழி உண்டு.

சேவ் செய்வது பற்றி. ஸ்டார்டியூ வேலியில் கணினியில் ஆடினால், கதாபாத்திரம் படுத்துத் தூங்கும்போதுதான் சேவ் ஆகும். கேமின் பத்து நிமிடம் நமக்கு ஏழு நொடி. காலை ஆறு முதல் இரவு இரண்டுவரை ஒரு நாள் என்றால் சுமார் 14 நிமிடம். மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பொருந்தும், பேருந்தில் போகிறவருக்குப் பொருந்தாது. அதனால்தான் போன் பதிப்பில் தானியங்கி சேவ் வைத்தார்கள். உங்கள் கேம் போனுக்கானது என்றால் இதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். கேம் பின்னணிக்குப் போகிறது என்ற அறிவிப்பு வந்த உடனே எழுதிவிடுங்கள். வெளியேறும் கணம் என்று ஒன்று வரும் எனக் காத்திருக்காதீர்கள், நினைவகம் போதாத ஆண்ட்ராய்ட் போன் சொல்லாமலே கேமைக் கொன்றுவிடும். எழுதும்போது பழைய கோப்பின் மேலேயே எழுதினால், நடுவில் சார்ஜ் தீர்ந்தால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. தற்காலிகக் கோப்பில் முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்த்து, அதன்பின் பெயர் மாற்றுங்கள். முந்தைய கோப்பு ஒன்றைக் காப்பாக வைத்திருங்கள். கோப்பின் முதல் வரியில் பதிப்பு எண் இருந்தால், அடுத்த அப்டேட்டில் பழைய சேவ்களைப் பலிகொடுக்க வேண்டி வராது.

போன் என்றதால் தொடுதிரையையும் சொல்லிவிடுகிறோம். ஆண்ட்ராய்டின் வழிகாட்டி சொல்லும் குறைந்தபட்சப் பட்டன் அளவு 48 டிபி (திரையின் பிக்சல் அடர்த்தியைச் சாராத அலகு), ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். ஓடும்போது கட்டைவிரல் நழுவும் என்பதால் தாவல் பட்டன் அதைவிடப் பெரிதாகவே இருக்கட்டும். திரையின் ஓரத்தில் ஒட்டி ஜாய்ஸ்டிக் வைத்தால், வேகமாக இழுக்கும்போது போன் அதைப் 'பின்னே போ' சைகையாக எடுத்துக்கொள்ளும். விரல் எங்கே பதிகிறதோ அங்கேயே ஜாய்ஸ்டிக் முளைப்பது நல்லது. பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியாவில் எல்லாப் பட்டனையும் இழுத்து இடம் மாற்றி, அளவையும் மங்கலையும்கூடத் திருத்தலாம். அந்தப் பழக்கத்தோடு வருபவர்கள் உங்கள் கேமிலும் அதைத் தேடுவார்கள்.

எளிதாக்கும் வழி கேட்பவர்களைக் கேலி செய்யாதீர்கள். 1992இல் வோல்ஃபன்ஸ்டைன் 3டி, மிக எளிய நிலையைத் தேர்ந்தவருக்கு நாயகனின் வாயில் குழந்தைச் சூப்பானை வைத்துக் காட்டியது. ஹேடீஸ் கேம் எவ்வளவு கண்ணியமாகச் செய்கிறது பாருங்கள்: காட் மோட் என்ற உதவி நிலையைப் போட்டால் நாம் வாங்கும் அடியில் 20 சதவீதம் குறையும், ஒவ்வொரு சாவுக்கும் இன்னும் 2 சதவீதம் கூடும், 80இல் நிற்கும். யாருக்கு எவ்வளவு உதவி வேண்டுமோ அவ்வளவை அவரவர் தோல்வியே அளந்து தருகிறது. கதையில் எதுவும் மறைக்கப்படுவதில்லை. செலஸ்ட் கேமின் வேகத்தையே பாதிவரை குறைக்க விடுகிறது. இவற்றைச் சேர்க்க ஒரு பெருக்கல் எண்ணும் ஒரு ஸ்லைடரும் போதும்.

சவாலை எங்கே வைப்பது என்று அறிந்தவர்களின் கைவேலைக்கு இரண்டு கேம்கள். 2018இன் ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின், கப்பலில் இருந்த 60 பேரின் கதியைக் கண்டுபிடிக்கச் சொல்கிறது. மூன்று விடைகள் ஒன்றாகச் சரியானால்தான் உறுதி செய்யும். குருட்டாம்போக்கில் அடித்துவிடுவதை அந்த ஒரு விதி தடுத்துவிடுகிறது. 2019இன் அவுட்டர் வைல்ட்ஸில் 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கும். ஆனால் எழுத்துகளைப் படிக்கும்போது நேரம் நிற்க வேண்டுமா என்று செட்டிங்ஸில் கேட்கிறது. மெதுவாகப் படிப்பவரைச் சூரியன் தண்டிக்கத் தேவையில்லை என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

இனி எழுத்து. தமிழில் செய்யும் உங்களிடம் எங்களுக்கு அதிக எதிர்பார்ப்பும் அதிக ஏமாற்றமும் இங்கேதான்.

கேம் உருவாக்கும் எஞ்சினான (அடிப்படை மென்பொருளான) யூனிட்டியில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோ, எழுத்துகளை வந்த வரிசையிலேயே அடுக்குகிறது. 'கெடு' என்று எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'கொடு' உடைந்து தெரியும். தமிழுக்கு எழுத்தை வடிவமைத்துச் சேர்க்கும் ஹார்ஃப்பஸ் போன்ற நிரல் தேவை. கோடாட் 4, அன்ரியல் ஆகிய எஞ்சின்களில் அது உள்ளேயே இருக்கிறது. யூனிட்டி 6இல், திரை மெனுக்களை அமைக்கும் யூஐ டூல்கிட்டின் புதிய எழுத்து உருவாக்கி வழியாகக் கிடைக்கிறது. எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் முன்பே 'கொடு, கோயில், கௌதாரி, கை, பூ, ஸ்ரீ' என்று அச்சிட்டுப் பாருங்கள். ஆறும் சரியாக வந்தால் மேலே போகலாம்.

உரையாடலை ஒவ்வொரு எழுத்தாகக் காட்டும்போது யூனிகோட் குறிகளை எண்ணாதீர்கள்: முதலில் 'க' தோன்றி, பிறகு புள்ளி விழுந்து 'க்' ஆகி, வரி முழுக்கத் துடிக்கும். முழு எழுத்தாக எண்ணும் வசதி சி ஷார்ப் நிரல்மொழியிலேயே உண்டு. வரி உயரத்தை ஆங்கில எழுத்துருவுக்கு அளந்துவிட்டு விட்டால் மேலே கொக்கியும் கீழே உகரச் சுழியும் வெட்டுப்படும். எட்டு பிக்சல் கட்டத்தில் ஆங்கிலம் நிற்கும். மூன்று சுழி 'ண' நிற்காது. பிக்சல் பாணி வேண்டுமென்றாலும் 16க்குக் குறையாதீர்கள். டிவியில் ஆடும் கேமுக்கு 1080 திரையில் 26 பிக்சலாவது இருக்க வேண்டும் என்கிறது எக்ஸ்பாக்ஸின் அணுகல் வழிகாட்டி. தமிழுக்கு அதைத் தொடக்கமாகக் கொண்டு, செட்டிங்ஸில் இன்னும் இரண்டு பெரிய அளவுகள் கொடுங்கள்.

இலக்கணமும் நிரலுக்குள் வரவேண்டும். பொருளின் பெயரோடு 'ஐ' ஒட்டும் வார்ப்பு எழுதினால் "மரம்ஐ எடுத்தாய்" என்று வரும். ஒவ்வொரு பொருளுக்கும் 'மரம், மரத்தை, மரத்துக்கு' என மூன்று வடிவங்களையும் அட்டவணையில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது "கிடைத்தது: மரம்" என்று வாக்கியத்தையே மாற்றுங்கள். மொழிபெயர்ப்பவருக்கு வெறும் சொற்பட்டியல் அனுப்பினால் 'பேக்' (back) என்பது முதுகாகவும் வரும், 'திரும்பு' என்றும் வரும். யார் யாரிடம் பேசுகிறார் என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினால்தான் தாத்தாவிடம் பேரன் 'நீ' போட்டுப் பேசாமல் இருப்பான்.

2023இல் டொராண்டோவிலிருந்து வந்த வெண்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். இட்லியில் தொடங்கி, கிழிந்த குறிப்பேட்டில் விடுபட்டதை யோசித்துச் சமைக்க வைக்கும் கேம். நேரக் கெடு கிடையாது. தப்பினால் அந்தச் சமையலை மறுபடி தொடங்கலாம், அவ்வளவுதான். சிறிய கேம், ஆனால் அம்மாவின் கைப்பக்குவத்தை ஊகிப்பது ஒன்றுதான் சவால் என்று முடிவு செய்து, மற்ற எல்லாத் தடைகளையும் எடுத்துவிட்டார்கள்.

உங்கள் கேமின் சோதனைப் பதிப்பைத் தாருங்கள். எந்தப் போன், எந்த ஆண்ட்ராய்ட், எத்தனை ஹெர்ட்ஸ், எந்த இடத்தில், எத்தனை முறைக்கு எத்தனை முறை பிழை வந்தது என்று திரைப்பதிவோடு தமிழிலேயே எழுதி அனுப்புகிறோம்.

அன்புடன்,
உங்கள் கேமுக்காகக் காத்திருக்கும் ஆட்டக்காரர்கள்