பேர்ச்சுக்கு ஒரு தூண்டில், ட்ரவுற்றுக்கு வேறு தூண்டில்: ஏன்?

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தூண்டில் வாடகைக்குக் கேட்டு வருபவர்களிடம் "எந்த மீனுக்கு? ஏரியின் எந்தப் பக்கம்?" என்று நாங்கள் முதலில் கேட்பது சிலருக்கு அலுப்பாக இருக்கிறது. "ஏதாவது ஒன்றைத் தாருங்கோ, கிடைக்கிறது கிடைக்கட்டும்" என்பார்கள். குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் பனிக்கட்டியில் துளையிட்டுத்தான் இங்கே தூண்டில் போடுகிறோம். கனடாவின் ஒன்ராறியோவிலுள்ள சிம்கோ ஏரியில் அப்படிப் போனால் பெரும்பாலும் வெறும் வாளியோடுதான் திரும்ப வேண்டும். ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

ஏரியின் தென்கோடியில் இருக்கும் குக்ஸ் குடா ஆழம் குறைந்தது. மிக ஆழமான இடத்திலும் 15 மீற்றர் அளவுதான். அடியில் நீர்ச்செடிகள் மண்டியிருக்கும். மஞ்சள் பேர்ச் என்னும் சிறு மீன் அங்கே கூட்டங்கூட்டமாகத் திரியும். மேற்கே பாரி நகரம் வரை நீளும் கெம்பன்ஃபெல்ட் குடாவோ 40 மீற்றர் வரை இறங்குகிறது. லேக் ட்ரவுற் என்னும் பெரிய மீனைத் தேடுபவர்கள் போகும் இடம் அது. ஆழமில்லாத பக்கம் முதலில் உறையும், ஆழமான பக்கம் உறைய மேலும் சில வாரங்கள் எடுக்கும். ஆகவே ஜனவரித் தொடக்கத்தில் குக்ஸ் குடாவில் பனிக்கட்டிமேல் மீன்பிடிக் குடில்களைக் கண்டுவிட்டு, கெம்பன்ஃபெல்ட்டிலும் நடக்கலாம் என்று இறங்கிவிடாதீர்கள்.

பேர்ச்சுக்கு நாங்கள் தரும் தடி 24 முதல் 28 அங்குலம். நுனி ஈர்க்குப்போல வளையும். தங்கூசி (தூண்டில் நரம்பு) 2 முதல் 4 இறாத்தல் தாங்குவது. இதைப் பார்த்து "இது அறுந்துவிடாதா?" என்று கேட்காதவர் குறைவு. பேர்ச் இரையைக் கடித்து இழுக்கும் மீனல்ல. வாய்க்குள் உறிஞ்சும், பிடிக்காவிட்டால் உடனே துப்பும். தடித்த தங்கூசி குளிரில் கம்பிச்சுருள்போல விறைத்து நிற்கும். சிறிய ஜிக்கின் (பாரம் பொருத்திய தூண்டில் கொக்கியின்) பாரத்துக்கு அது நிமிராது. மீன் உறிஞ்சியது உங்கள் கைக்குத் தெரியவரும்போது அது துப்பிவிட்டுப் போயிருக்கும். ஈயத்துக்குப் பதிலாக டங்ஸ்டன் ஜிக் தருவதற்கும் காரணம் இதுதான்: அதே பாரம், ஆனால் உருவம் சிறிது, விரைவாக இறங்கித் தங்கூசியையும் நேராக வைத்திருக்கும். அடித்தரையைத் தொட்டபின் ஒரு சாண் தூக்கி, ஜிக்கை மெல்ல நடுங்க விடுங்கள். பிறகு சில விநாடிகள் அசையாமல் வையுங்கள். அநேகமாக அந்த அசையாத நேரத்தில்தான் எடுக்கும். பதினைந்து நிமிடம் ஒன்றும் இல்லையென்றால் அடுத்த துளைக்குப் போங்கள். பேர்ச் கூட்டம் உங்களைத் தேடி வராது. இருட்டிவிட்டால் அதுவும் தின்னாது, பெட்டியைக் கட்டலாம்.

ட்ரவுற் வேறு சாதி. தடி 36 அங்குலம், தங்கூசி 8 முதல் 10 இறாத்தல், 4 அங்குல வெள்ளைக் குழாய் இரை, அதற்குள் அரை அவுன்ஸ் பாரத் தலையுள்ள கொக்கி. குளிர்காலத்தில் மேலிருந்து கீழ்வரை நீர் குளிர்ந்தே இருப்பதால் ட்ரவுற் அடியில் மட்டும் கிடப்பதில்லை, நடுநீரிலும் அலையும். நீருக்குள் மீனைக் காட்டும் சோனார் திரையில் ஒரு கோடு இரையை நோக்கி எழும்பினால் பலர் கையை நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் மீன் கைதவறிப் போகிறது. துரத்துகிற மீனுக்கு இரை ஓட வேண்டும்: நிறுத்தாமல் சுற்றி மேலே எடுங்கள், அது வேகமெடுத்துக் கவ்வும். 25 மீற்றர் ஆழத்தில் தங்கூசி நன்றாக இழுபடும் என்பதால் பேர்ச்சுக்குப்போல மணிக்கட்டால் வெட்டி இழுத்தால் போதாது, தோளிலிருந்து தூக்க வேண்டும். மீன் துளைக்கு அருகில் வந்ததும் தடியின் நுனியைத் தண்ணீருக்குள் இறக்குங்கள். பனிக்கட்டியின் விளிம்பு கத்தி மாதிரி, தங்கூசி அதில் உரசினால் போச்சு. பேர்ச்சுக்கு 6 அங்குலத் துளை போதும். இதற்கு 8 அங்குலமாவது வேண்டும்.

மீனைத் திரும்ப விடுவதிலும் வித்தியாசம் உண்டு. ட்ரவுற்றின் காற்றுப்பைக்கும் தொண்டைக்கும் இடையே ஒரு குழாய் இருக்கிறது, அதனால் ஏறும்போதே காற்றை வெளியேற்றிவிடும். ஆழத்திலிருந்து வந்தாலும் பிழைக்க வாய்ப்புண்டு. பேர்ச்சுக்கு அந்த வழி கிடையாது. 10 மீற்றருக்குக் கீழே பிடித்த பேர்ச்சின் வயிறு ஊதி வாய்வழியே தள்ளிக்கொண்டு நிற்கும். அதை விட்டாலும் பெரும்பாலும் சாகும். சின்னதை விட்டுப் பெரிதைத் தேட நினைப்பவர்கள் ஆழமில்லாத இடத்தில் போடுங்கள்.

"வெளியில் மைனஸ் 15, ஏன் இன்றைக்கு வாடகை இல்லை?" என்று தொலைபேசியில் கோபிப்பவர்களுக்கு: குளிர் வேறு, தடிப்பு வேறு. புதிய பனி போர்வைபோல மூடினால் கீழே பனிக்கட்டி தடிப்பது மெதுவாகும். அந்தப் பாரத்தில் கட்டி தாழ, வெடிப்புகளால் நீர் மேலேறிச் சேறாகும். நடப்பதற்குத் தெளிந்த நீலக் கட்டி குறைந்தது 10 சென்ரிமீற்றர் வேண்டும். வெண்மையான கட்டிக்குப் பலம் ஏறத்தாழப் பாதி என்பதால் 20 கணக்கிடுங்கள். காற்று திரும்பினால் அழுத்த வெடிப்புகள் வாய் பிளக்கும். காலையில் தாண்டிய இடம் மாலையில் தண்ணீராக இருக்கலாம். நீருக்குள் விழுந்தால் கட்டியில் குத்தி ஏறுவதற்குக் கழுத்தில் தொங்கவிடும் ஐஸ் ஊசிகளை இலவசமாகத் தருகிறோம், அவற்றை ஜக்கெற்றுக்குள்ளே பூட்டி வைக்காதீர்கள்.

குடிலுக்குள் புரோப்பேன் அடுப்பு எரியும்போது மேலும் கீழுமாக இரண்டு காற்றுவழிகள் திறந்திருக்க வேண்டும். குளிர் வருகிறதென்று துணியால் அடைப்பவர்கள் இருக்கிறார்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. தலையிடித்தால் வெளியே வந்துவிடுங்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஐஸ் மேல் ஆளுக்கு இரண்டு தூண்டில், இரண்டும் கண்ணுக்குத் தெரிய, 60 மீற்றருக்குள். பேர்ச்சுக்கு முழு அனுமதிப்பத்திரத்தில் 50 மீன், குறைவாகப் பிடிக்க விரும்புபவர்களுக்கான பாதுகாப்பு (conservation) அனுமதிப்பத்திரத்தில் 25. ட்ரவுற் 2, அல்லது 1. குளிர்கால ட்ரவுற் பருவம் மார்ச் 15 உடன் முடியும். போகுமுன் ஒன்ராறியோவின் அந்த ஆண்டு விதிப்புத்தகத்தை ஒருதடவை பாருங்கள். மிஞ்சிய உயிர் இரையை ஏரியில் கொட்டுவது குற்றம், வாளியோடு கொண்டுவாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஓகரில் (பனிக்கட்டியைத் துளைக்கும் கருவியில்) ஒட்டிய சேற்றுப்பனியை உதிர்க்க அதைக் கட்டியில் ஓங்கித் தட்டாதீர்கள். அலகின் கோணம் ஒரு நூல் மாறினாலும் அடுத்த துளை இறங்காது, "மொட்டை அலகைத் தந்துவிட்டார்கள்" என்று எங்களைத்தான் ஏசுவீர்கள். துளை நீருக்குள் ஒருமுறை அமிழ்த்தி எடுத்தால் பனி தானாகக் கழன்றுவிடும். திருப்பித் தரும்போது அலகின் ஈரத்தைத் துடைத்து, உறை போடாமல் தாருங்கள். ஈரத்தோடு மூடினால் ஓர் இரவிலேயே துரு பிடிக்கும்.

அன்புடன்,
கடைப் பணியாளர்கள்