தலை சுற்றியது என்றாயே

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. உடனே பதில் போடாதது என் தப்புதான். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மல்லிகா அக்கா உன்னை ரொம்பவே விசாரித்தார். அதே சிரிப்பு, கையில் அதே குடை!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எச்சிலை அனுப்பி மரபணுச் சோதனை செய்து, உனக்கென்றே ஓர் உணவுத் திட்டம் வாங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். மாவுச்சத்து உன் உடம்புக்கு ஆகாதாம், நாளுக்கு 800 கலோரிதானாம். நாலு பக்கத்துக்கு அதன் பெருமை. நடுவில் ஒரே ஒரு வரி: "முந்தாநாள் கொஞ்சம் தலை சுற்றியது." பள்ளிக்கூடத்திலும் நீ இப்படித்தான், முக்கியமானதை நடுவில் ஒளித்து வைப்பாய். அந்த ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நான் நாலு மாதத்தில் 14 கிலோ குறைத்தது உனக்குத் தெரியும். அடுத்த ஒன்றரை வருடத்தில் 16 கிலோ ஏறியதை உன்னிடம் சொல்லவில்லை. மனஉறுதி இல்லாதவள் என்று என்னையே திட்டிக்கொண்டு அழுத நாட்கள் அவை. அது உறுதி சம்பந்தப்பட்டதே இல்லையடி. எடை இறங்கினால் பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது, பசியைக் கிளப்பும் கிரெலின் கூடுகிறது. மெல்போர்னில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், கடும் பத்தியத்தில் எடை குறைத்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் இந்த ஹார்மோன்கள் பழையபடி திரும்பவில்லை. இழந்ததைத் திருப்பிக் கேட்டு உடம்பு அத்தனை நாள் மல்லுக்கட்டுகிறது. அதனால்தான் வேகமாகக் குறைப்பது என்றாலே எனக்கு இப்போது பயம்.

மரபணு விஷயத்துக்கு வா. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் என்ற ஆய்வாளரின் குழு 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பையும் மறு பாதிக்கு மாவுச்சத்தையும் 12 மாதம் குறைக்கச் சொன்னது. 2018இல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் சராசரியாக 5, 6 கிலோ குறைந்திருந்தது, பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரே பக்கத்திலேயே சிலர் நிறைய இளைத்தார்கள், சிலருக்கு எடை கூடியது. ஆளுக்கு ஆள் வேறுபடுவது உண்மைதான். யாருக்கு எது ஒத்துவரும் என்பதை அவர்கள் பார்த்த மரபணுக்களால் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது நான் போகும் உணவு ஆலோசகர் ரத்தப் பரிசோதனைத் தாள்களைப் பார்த்துவிட்டு, அப்புறம் கேள்வியாகவே கேட்டார். எத்தனை மணிக்குத் தூங்குகிறேன், யார் சமைக்கிறார்கள், பசியே இல்லாமல் எப்போது சாப்பிடுகிறேன், முழங்கால் எவ்வளவு தூரம் தாங்கும்? மதியம் வேலை மும்முரத்தில் அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி அள்ளிப் போட்டுக்கொள்கிறேன் என்று அதில்தான் தெரிந்தது. முதல் மாதம் மதியச் சாப்பாட்டில் புரதம் கூட்டியதைத் தவிர எதையும் மாற்றவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து, ஒத்துவராததை மாற்றுவார். எனக்கென்று செய்த திட்டம் என்றால் இதைத்தான் சொல்வேன். 11 மாதத்தில் 7 கிலோ. மெதுவாகத்தான், ஆனால் ஏறவில்லை. சர்க்கரை அளவும் இறங்கியிருக்கிறது.

வசந்தி, நீ சர்க்கரை மாத்திரை போடுகிறவள். சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டை மட்டும் இப்படிக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். 800 கலோரி டாக்டர் கண்காணிப்பில் செய்ய வேண்டிய காரியம். திட்டம் விற்றவர்கள் உன் மாத்திரை பற்றிக் கேட்டார்களா? கேட்டிருந்தால் நீ எழுதியிருப்பாய்.

நாளைக்கே உன் டாக்டரைப் பார். தலை சுற்றியதை முதலில் சொல், பெருமையை அப்புறம் வைத்துக்கொள். அவர் என்ன சொன்னார் என்று அன்று ராத்திரியே எனக்குப் போன் பண்ணு. எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன்.

உன்
சாந்தா