உயரமான முகப்புகளில் பசையை மட்டும் நம்பிக் கல் பதிப்பது குறித்து

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கும் நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கும்,

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

அடுக்கு மாடிக் கட்டடங்களின் வெளிச்சுவரில் கிரானைட்டையும் பெரிய அளவு டைல்ஸையும் வெறும் பசையால் ஒட்டுவதற்கு ஒரு வரம்பு வகுக்குமாறு கேட்டு இம்மடலை எழுதுகிறேன். தரையிலிருந்து மூன்று மீட்டருக்கு மேல் பதிக்கும் ஒவ்வொரு கல்லையும், பசை முழுவதும் கைவிட்டாலும் விழாதபடி, உலோகக் கிளாம்ப் தாங்கி நிற்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

20 மி.மீ. தடிமனுள்ள கிரானைட் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 54 கிலோ இருக்கும். நல்ல பசை அந்த எடையை எளிதாகத் தாங்கும். பசை நிறுவனங்கள் காட்டும் சோதனை முடிவுகளில் நான் குறை காணவில்லை. ஆனால் மேற்கு பார்த்த சுவரில் கறுப்பு கிரானைட் பிற்பகல் வெயிலில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறி விரிகிறது. பின்னாலுள்ள கான்கிரீட் அவ்வளவு சூடேறுவதில்லை. ஐப்பசி மழை அடித்ததும் கல் சட்டென்று சுருங்குகிறது. ஆண்டு முழுவதும் நடக்கும் இந்த இழுபறியைச் சில மில்லிமீட்டர் பசைதான் தாங்கியாக வேண்டும்.

அந்தப் பசையாவது ஒழுங்காகப் பூசப்படுகிறதா? விழுந்த பலகையைப் புரட்டிப் பார்த்தால், நான்கு மூலைகளிலும் நடுவிலும் உருண்டை வைத்து அழுத்திய தடம் மட்டும் இருக்கும்; மற்ற இடமெல்லாம் வெற்றாகக் கிடக்க, மழைநீர் புகுந்த கறை படிந்திருக்கும். பல நேரங்களில் பசை சுவரிலேயே கெட்டியாக நிற்க, கல்லின் முதுகில் அறுவை ஆலையின் வெண்துகள் அப்படியே ஒட்டியிருக்கும். கழுவாத கல்லில் பசை துகளைத்தான் பிடிக்கும். பளிங்குப் பலகைகளின் முதுகில் ஒட்டி வரும் வலையைச் சுரண்டாமல் பதித்தால், பிடிமானம் வலையோடு நின்றுவிடும். டைல்ஸ் பசைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 15477 பசையை வகைப்படுத்துகிறதே தவிர, சாரத்தின் மீது நிற்கும் மேஸ்திரியின் கரண்டியைக் கண்காணிக்க அதனால் இயலாது. கிளாம்ப் மாட்டியிருக்கிறதா என்பதைக் கல் மூடுவதற்கு முன் யாரும் கண்ணால் பார்த்துவிடலாம்.

பாஸ்டன் நகரில் 2006 ஜூலை 10 அன்று, திறந்து சில ஆண்டுகளே ஆன சுரங்கச் சாலையின் கான்கிரீட் கூரைப் பலகைகள் ஒரு கார் மீது விழுந்து ஒரு பெண் உயிரிழந்தார். பலகைகளைத் தாங்கிய போல்ட்டுகள் எபாக்ஸி என்னும் பசையால் பதிக்கப்பட்டவை. விரைவில் இறுகும் அந்த எபாக்ஸி, ஓயாத சுமையில் மெல்ல மெல்ல நெகிழ்ந்து இழுபட்டதே காரணம் என்று விசாரணை கண்டறிந்தது. 2012 டிசம்பர் 2 அன்று ஜப்பானின் சசாகோ சுரங்கத்திலும் இவ்வாறே பசையால் பதித்த போல்ட்டுகள் பெயர்ந்து கூரை சரிந்ததில் ஒன்பது பேர் இறந்தனர். அங்கே வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் குறைகள் இருந்தன. அமெரிக்கக் கான்கிரீட் விதித்தொகுப்பு 2011 பதிப்பிலேயே பசை ஆங்கர்கள் எனப்படும் இத்தகைய போல்ட்டுகள் ஓயாமல் தாங்கும் இழுசுமைக்குத் தனி வரம்பு விதித்து, தலைக்கு மேல் அவற்றைப் பதிப்போருக்குத் தகுதிச் சான்றையும் கேட்டது. அவை கூரைகள், நம்முடையவை சுவர்கள் என்பது உண்மைதான். ஆயினும் கீழே நடமாடுவோர் தலைக்கு மேல் தொங்கும் சுமையைக் கண்ணுக்குத் தெரியாத ஒரே பிடிமானத்திடம் விடுவதில் இரண்டும் ஒன்றே.

கிளாம்ப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. கடற்கரைப் பகுதியில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கிளாம்ப் துருப்பிடித்து உப்பி, தான் தாங்கும் கல்லையே விளிம்பில் பிளந்துவிடும். அங்கே 316 தரத் துருப்பிடிக்காத எஃகுதான் உதவும். சுவர் ஏ.ஏ.சி. எனும் நுண்துளை நிறைந்த இலேசான கான்கிரீட் கல்லாலோ ஹாலோ பிளாக்காலோ கட்டியதாக இருந்தால் சாதாரண ஆங்கர் போல்ட் நிற்காது. உத்தரத்திலோ தூணிலோ பிணைத்த எஃகுச் சட்டம் வேண்டும். 20 மி.மீ. கல்லின் விளிம்பில் துளையிட்டால் இருபுறமும் மிஞ்சுவது சொற்பமே என்பதால் 30 மி.மீ. கல் தேவைப்படும். செலவு கூடும், மறுக்கவில்லை. அதைத் தவிர்க்க விரும்புவோர் வண்ணம் பூசிக்கொள்ளலாமே.

குளியலறைச் சுவர், தரை, மூன்று மீட்டருக்குக் கீழுள்ள வெளிச்சுவர் ஆகியவற்றில் பசையே போதும். அங்கெல்லாம் புதிய விதி வேண்டாம். அதற்கு மேலே கல் பதிக்கும் கட்டடங்களுக்கு, கிளாம்பின் வகை, எஃகின் தரம், இணைப்பு இடைவெளி ஆகியவற்றைக் காட்டும் வரைபடத்தைக் கட்டமைப்புப் பொறியாளரின் ஒப்பத்துடனும், கல் மூடும் முன் எடுத்த ஒளிப்படங்களுடனும், பணி நிறைவுச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தோடு கேட்டுப் பெறுமாறு வேண்டுகிறேன். ஏற்கெனவே ஒட்டப்பட்ட முகப்புகளைத் தட்டிப் பார்த்து, வெற்றொலி கேட்கும் கற்களைப் போல்ட்டால் பிணைக்கவோ அகற்றவோ குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் அந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்