எந்தச் சனி, அம்மா?

மயிலாடுதுறை
14-9-2025

அன்புள்ள கயலுக்கு,

நேற்று போனை வைக்கிற நேரத்தில் ஒன்று கேட்டாய்: "பிசிக்ஸ் டீச்சரா இருந்துட்டு ஒரு மூடநம்பிக்கையை இன்னொரு மூடநம்பிக்கையால அடிக்கிறியே, வெட்கமா இல்லையா?" இல்லை. ஏன் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

அத்தைக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது என்று டாக்டர் சித்திரையிலேயே சொல்லிவிட்டார். ரொம்ப முற்ற விட்டால் கண்ணில் அழுத்தம் ஏறும், அப்புறம் பார்வையே போகலாம் என்றும் சொன்னார். அத்தை "ஏழரை முடியட்டும்" என்று தள்ளிப்போட்டார். மகர ராசி. சனி மீனத்துக்குப் போனால்தான் விடுதலை. அவர் புரட்டுவது பழைய வாய்பாட்டை வைத்துக் கணிக்கிற வாக்கியப் பஞ்சாங்கம், அதன்படி பெயர்ச்சி 2026 மார்ச் 6. திருநள்ளாற்றுக் கோயிலுக்கும் அந்தக் கணக்குதான். வானத்தில் கிரகம் நிற்கும் இடத்துக்கு ஒத்துவரும்படி கணிக்கிற திருக்கணிதப் பஞ்சாங்கப்படியோ இந்த வருஷம் மார்ச் 29 அன்றே பெயர்ந்தாயிற்று. அப்போது நீ போனில், "ரெண்டு சனி இருக்கா அத்தை? எந்தச் சனி உங்களைப் பிடிச்சிருக்கு?" என்று சிரித்தாய். கேள்வி நல்ல கேள்வி. சிரிப்புதான் வேண்டாத வேலை. அதற்கப்புறம் அத்தை உன்னிடம் கண்ணைப் பற்றிய பேச்சையே எடுப்பதில்லை, கவனித்தாயா?

உன் கேள்வியை நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் கேட்டுவிட்டார். அவரும் பஞ்சாங்கம் கணிக்கிற குடும்பத்தில் வந்தவர்தான். சிந்தாமணி ரகுநாதாச்சாரி. மதராஸ் வானாய்வு நிலையத்தில் உதவியாளராக இருந்து, 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். ராத்திரி தொலைநோக்கியில் பார்த்த கிரகம் ஒரு இடத்தில், பஞ்சாங்கத்தில் அச்சான கிரகம் வேறு இடத்தில். அவர் பஞ்சாங்கத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பார்வைக்கு ஒத்துவரும்படி திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒன்றைத் தானே கணித்து வெளியிட்டார். 1874இல் சுக்கிரன் சூரியனைக் கடந்தபோது அது என்ன ஏது என்று இந்திய மொழிகளில் சின்னப் புத்தகமும் போட்டார். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். பாடப் புத்தகத்தில் நான் பார்த்த ஞாபகம் இல்லை.

வாக்கியக் கணக்கையும் லேசாக நினைக்காதே. சந்திரன் எங்கே நிற்கும் என்பதை 248 நாளுக்கு 248 வாக்கியங்களாக மனப்பாடம் செய்துவைத்திருந்தார்கள். வாரன் என்ற அதிகாரி 1825இல் எழுதி வைத்திருக்கிறார்: புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, ஏட்டையோ எழுதுகோலையோ தொடாமல், அந்த வருஷத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினாராம். தொடங்கும் நேரத்தில் நாலு நிமிஷம்தான் பிசகு. முடியும் நேரத்தில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் தப்பு. எனக்கு இரண்டுமே முக்கியம். பழைய வாய்பாட்டைத் திருத்தாமல் அப்படியே ஓட்டினால் பிசகு வருஷா வருஷம் சேர்ந்துகொண்டே போகும். 2023 டிசம்பர் 20 அன்று திருநள்ளாற்றில் பெயர்ச்சி நடந்தபோது வானத்துச் சனி கும்பத்துக்குள் எட்டு டிகிரி தாண்டி நின்றது.

இதில் ஒரு வேடிக்கை. வாக்கியப் பஞ்சாங்கம் போடுகிறவர்களில் பலர் கிரகணத்துக்கு மட்டும் திருக்கணித நேரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஊரே அண்ணாந்து பார்க்கும் இல்லையா! சனியை யார் பார்க்கிறார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை கிரகணத்தன்று அத்தையைப் பார்க்க வைத்தேன். அத்தை பொழுது சாயும்போதே சாப்பிட்டுவிட்டு, தண்ணீர்க் குடத்திலும் ஊறுகாய் ஜாடியிலும் தர்ப்பையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். போடட்டும், ஊறுகாய்க்கு ஒன்றும் ஆகாது. எதிர் வீட்டு மருமகள் ஏழு மாசம். அவளைச் சாயங்காலத்திலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவிடவில்லை. அங்கே மட்டும் நான் நியாயம் பேசிக்கொண்டிருக்கவில்லை, சொம்பும் கையுமாகப் போய் நின்றேன். அவள் மாமியார் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பதினோரு மணிக்கு மேல் மேகம் விலகிற்று. "கண்ணால பார்த்தா ஒண்ணும் ஆகாது அண்ணி" என்று கையைப் பிடித்து மாடிக்கு ஏற்றிவிட்டேன். நிலா செங்கல் நிறத்தில் இருந்தது. அத்தை ஒரு கண்ணைப் பொத்திப் பொத்திப் பார்த்துவிட்டு, "ரெண்டா தெரியுதே" என்றார். கிழக்கே கொஞ்சம் தள்ளி மினுக்காமல் நின்ற புள்ளியைக் காட்டி, "அதுதான் சனி" என்றேன். விருட்டென்று கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு ரொம்ப நேரம் தேடினார். "எங்கம்மா? ஒண்ணும் தெரியலையே." இத்தனை வருஷம் பயந்த ஆளை நேரில் காட்டியும் பார்க்க முடியவில்லை பாவம்.

கீழே வந்து திருக்கணிதப் பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்தேன். இப்போது பார்த்த இடம் மீனம், உங்கள் புத்தகப்படி அது இன்னும் கும்பத்தில் இருக்க வேண்டும், உங்கள் ஏழரை முடிந்து ஐந்து மாசம் ஆகிறது என்றேன். இதைத்தான் நீ ஏமாற்று வேலை என்கிறாய். நான் சொன்னதில் பொய் எது? சனி நிற்கும் இடம் கணக்கு, அதைக் காட்டினேன். "அப்போ கண்ணைக் கெடுத்தது அவர் இல்லையா?" என்று அவரே கேட்டார். "இல்லை அண்ணி, வயசு. உள்ளே இருக்கிற லென்ஸ் மங்கிப்போச்சு" என்றும் சொன்னேன். "உனக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டார். அவர் என்னை நம்பியது பாதி. ஆபரேஷனுக்கு அந்தப் பாதி போதும் கயல். மீதிக்காக நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் 2026 மார்ச் வந்துவிடும்.

நானும் கோயிலுக்குப் போகிறவள்தான், உனக்குத் தெரியும். போனால் மனசு அடங்குகிறது. அதற்கு மேல் நிரூபணம் கேட்டால் என்னிடம் கிடையாது. அதை நீ கேட்டுக்கொண்டே இரு, எனக்குக் கோபமில்லை. அத்தையிடம் கேட்கும்போது மட்டும் பரீட்சை ஹாலுக்குள் வந்த பறக்கும் படை மாதிரி கேட்காதே.

மாளயபட்சத்தில் கத்தி வைக்கக் கூடாது என்று இப்போது புதிதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறார். ஆறு மாசத்தைப் பத்து நாளாகக் குறைத்தாயிற்றே என்று சரி சொல்லிவிட்டேன். 21ஆம் தேதி அமாவாசை, 25 வியாழக்கிழமை ஆபரேஷன். அப்பா கூடப் போகிறார். கருப்புக் கண்ணாடி வாங்க வேண்டும், இங்கே கிடைப்பது எல்லாம் அத்தைக்குப் பெரிதாக இருக்கிறது. நீ பெங்களூரில் பார்த்து வாங்கி, முடிந்தால் புதன் ராத்திரி பஸ்ஸில் வா. முடியாவிட்டால் கூரியரில் அனுப்பிவிட்டு அவருக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
அம்மா